எழுதி வைத்ததும் நம்பி விட்டதும்

(ஜொகூர் பாருவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நம் நாட்டு அரசியலமைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மனம் நேராகக் கோலாலம்பூருக்கும் 1957 ஆகஸ்ட் 31ஆம் நாளுக்கும் போய்விடுகிறது. நான் இந்த ஜொகூர் மண்ணிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். மலாய் மாநிலங்களில் எழுத்து வடிவில் முதன்முதலாக ஓர் அரசியலமைப்பைப் பெற்றது ஜொகூர்தான். சிங்கப்பூரிலிருந்த ஆங்கிலேய வழக்கறிஞர்களின் உதவியோடு அதை எழுதுவித்து, 1895 ஏப்ரல் 14ஆம் நாள் பிரகடனம் செய்தவர் சுல்தான் அபூபக்கர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கிலும் அப்போதே பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நான்கும் ஒரே கூட்டாட்சிக்குள் இணைக்கப்பட்டன. சுற்றிலும் இது நடந்துகொண்டிருந்தபோது, ஜொகூர் தனித்து நிற்க வேண்டும் என்ற கவலையோடு எழுதப்பட்ட ஆவணம் அது. அதன் 15ஆம் பிரிவு, நாட்டையோ அதன் பகுதியையோ எந்த ஐரோப்பிய வல்லரசுக்கும் வேறு எந்த நாட்டுக்கும் ஒப்படைக்கும் உரிமை ஆட்சியாளருக்குக் கிடையாது என்று சொல்லிற்று. ஓர் அரசர் தம் கையாலேயே தம் வாரிசுகளின் கையைக் கட்டிவைத்தார். பிரகடனம் செய்த இரண்டாம் மாதத்திலேயே, 1895 ஜூனில், லண்டனில் அவர் காலமானார்.

அந்தப் பிரிவு ஜொகூரை முழுமையாகக் காத்துவிட்டதாக நான் சொல்லவரவில்லை. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஜொகூர் ஏற்க வேண்டி வந்தது. நிர்வாகம் பெருமளவு அவர் கைக்குப் போயிற்று. ஆயினும் எழுத்து அழியவில்லை. 1945 அக்டோபர் 20ஆம் நாள், மலாய் ஆட்சியாளர்களின் இறைமையைப் பறிக்கும் மலாயன் யூனியன் திட்டத்துக்காகப் பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஹெரால்டு மெக்மைக்கேல் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் மலாய் ஆட்சியாளர்களில் முதலாவதாகக் கையெழுத்திட்டவர் அபூபக்கரின் மகனான சுல்தான் இப்ராஹிம். 1946 தொடக்கத்தில் ஜொகூர் மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தபோது அவர்கள் கையில் எடுத்தது அந்த 1895ஆம் ஆண்டு ஆவணத்தைத்தான். தந்தை எழுதிய சட்டத்தை மகன் மீறிவிட்டார் என்று குடிமக்கள் குற்றம் சாட்டினார்கள். பின்னர் சுல்தானே அத்திட்டத்தை எதிர்த்தார். அந்த ஆண்டு மே 11ஆம் நாள் இதே ஜொகூர் பாருவில் அம்னோ என்ற மலாய்க் கட்சி பிறந்தது. டத்தோ ஓன் ஜாஃபார் அதன் முதல் தலைவரானார். ஐம்பது ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த ஒரு பிரிவு, தேவை வந்தபோது மக்கள் எழுச்சிக்கு ஆதாரமாக நின்றது.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்துக்கு இதுவே முதற்சான்று. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒரு சமரசம் என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் யார் எதை விட்டுக்கொடுத்தார், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்றுதான் பெரும்பாலும் கணக்குப் பார்க்கிறோம். நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். பேசி முடித்தவற்றுள் எவை எழுத்தில் ஏறின, எவை நல்லெண்ணத்தின்மேல் நம்பி விடப்பட்டன? எழுத்தில் ஏறியவை, குறை இருந்தாலும், இன்றும் நமக்கு உதவுகின்றன. நம்பி விட்டவை அவற்றைப் பேசிய தலைவர்களோடு போய்விட்டன. எண்ணிக்கையில் சிறிய சமூகத்துக்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்னும் வேறுபாடு. பெரும்பான்மை தன் நலனை அடுத்த தேர்தலிலும் காத்துக்கொள்ளலாம். சிறுபான்மைக்கு அன்று எழுதியது மட்டுமே மிச்சம்.

1946க்கும் 1957க்கும் இடையே மலாயாவில் ஒன்றல்ல, பல அரசியலமைப்புகள் எழுதப்பட்டன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மலாயன் யூனியன் குடியுரிமையைத் தாராளமாகத் திறந்தது. ஆனால் மலாய் ஆட்சியாளர்களின் இறைமையைப் பறித்தது. அதனாலேயே அது நிலைக்கவில்லை. அதற்கு மாற்றாக அம்னோவும் ஆட்சியாளர்களும் பிரிட்டிஷாரும் தனியே அமர்ந்து பேசியபோது, வெளியே நின்றவர்கள் 1947இல் தாங்களே ஒரு மக்கள் அரசியலமைப்பை எழுதினார்கள். டான் செங் லாக் தலைமையிலான அனைத்து மலாயா கூட்டு நடவடிக்கை மன்றமும் மலாய் இடதுசாரிகளின் புத்ரா அமைப்பும் சேர்ந்து செய்த வேலை அது. ஜான் திவி தலைமையில் புதிதாகப் பிறந்திருந்த மலாயா இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வும் அந்த அணியில் இருந்தது. அதில் இரண்டு செய்திகள் என்னை வியக்கவைக்கின்றன. எல்லா இனத்துக் குடிமக்களும் மெலாயு என்ற ஒரே தேசியப் பெயரை ஏற்க மலாய்க்காரர் அல்லாதார் ஒப்பினார்கள். இன்னொன்று, தொடக்கச் சட்டமன்றக் காலங்களுக்கு மலாய்க்காரர்களுக்கு 55 விழுக்காட்டு இடங்களை உறுதிசெய்து, அதற்கொரு கால எல்லையும் வகுத்தார்கள். சிறப்பு ஏற்பாடு வேண்டும், அது எதுவரை என்பதும் எழுத்தில் வேண்டும் என்று உள்நாட்டு மக்களே கண்ட வழி இது. பிரிட்டிஷார் அதைப் பொருட்படுத்தவில்லை. 1947 அக்டோபர் 20ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. கடைகள் மூடின, வேலைகள் நின்றன, முடிவு மாறவில்லை. 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயா கூட்டமைப்பு நடப்புக்கு வந்தது. அதன் குடியுரிமை விதிகள் தோட்டத் தொழிலாளிக்கு ஏறக்குறைய எட்டாக்கனி.

அந்த ஆண்டின் இறுதியில் மலாய், சீனத் தலைவர்கள் இங்கே ஜொகூர் பாருவில் டத்தோ ஓன் இல்லத்தில் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து 1949இல் இனங்களுக்கிடையிலான தொடர்புக் குழு உருவாயிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான இ. இ. சி. துரைசிங்கம். மூடிய கதவுக்குள் நடந்த அந்த உரையாடல்கள் 1952ஆம் ஆண்டுக் குடியுரிமைத் தளர்வுக்கு வழிகோலின. ஆனால் டத்தோ ஓன் அதற்கும் மேலே போகத் துணிந்தார். அம்னோவின் கதவை எல்லா இனத்தவர்க்கும் திறக்கச் சொன்னார். கட்சி மறுத்தது. 1951இல் அவர் தாம் தொடங்கிய கட்சியை விட்டே வெளியேறினார். அவர் எண்ணியபடி நடந்திருந்தால் இந்த நாட்டின் கதையே வேறாகியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அவரது தோல்விக்குப் பின், ஒவ்வோர் இனமும் தன் கட்சிக்குள்ளிருந்து மற்றதோடு பேரம் பேசும் முறையே நிலைத்தது. 1957இன் சமரசம் அந்த முறையில் விளைந்தது.

பேரத்துக்குப் போனவர்களின் கையில் என்ன இருந்தது? 1955 ஜூலை 27ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலின் வாக்காளர் பட்டியல் அதைத் தெளிவாகக் காட்டுகிறது. பதிவு பெற்ற வாக்காளர்களில் 84.2 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள், சீனர்கள் 11.2 விழுக்காடு, இந்தியரும் பிறரும் 4.6 விழுக்காடு. இரண்டே ஆண்டு கழித்து எடுத்த 1957 மக்கள்தொகைக் கணக்கின்படி சீனர்கள் 37 விழுக்காடு, இந்தியர்கள் ஏறத்தாழ 11 விழுக்காடு. நம் மக்களில் பெரும்பகுதியினர் நாட்டில் இருந்தார்கள், வாக்குப் பட்டியலில் இல்லை. மூன்று இனக் கட்சிகளின் கூட்டணி போட்டியிட்ட 52 இடங்களில் அம்னோவுக்கு 35, மலாயா சீனர் சங்கமான ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2. அந்த இரண்டில் ஒன்று நம் ஜொகூரின் பத்து பஹாட். அங்கே செல்வசிங்கம் மெக்கிண்டயர் என்ற தமிழ் வழக்கறிஞர் பெரும்பாலும் மலாய் வாக்குகளால் வென்று சட்டமன்றம் சென்றார். இதில் நல்லெண்ணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 84 விழுக்காட்டு வாக்கு வைத்திருந்த சமூகம், நினைத்திருந்தால் தனித்தே ஆண்டிருக்கலாம். அதே சமயம், மற்றவரின் நல்லெண்ணத்தால் வந்த இடம் அந்த நல்லெண்ணம் உள்ளவரைதான் என்பதையும் அந்த எண்கள் சொல்கின்றன.

1956 ஜனவரியில் அம்னோ தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பேச்சுக்காக லண்டனுக்கு அழைத்துச் சென்ற கூட்டணிக் குழுவில் துன் ரசாக், ஜொகூரைச் சேர்ந்த டாக்டர் இஸ்மாயில், எச். எஸ். லீ ஆகியோர் இருந்தார்கள். ஆட்சியாளர்களின் சார்பாக நால்வர் உடன் சென்றார்கள். இந்தியர் யாரும் அந்த மேசையில் இல்லை. அங்கே முடிவான அரசியலமைப்பு ஆணையத்துக்குப் பிரிட்டிஷ் நீதிபதி ரீட் பிரபு தலைவர். கேம்பிரிட்ஜின் சர் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் முன்னாள் தலைமை ஆளுநர் சர் வில்லியம் மெக்கெல், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் உறுப்பினர்கள். உள்நாட்டவர் ஒருவரும் இல்லை. உள்ளூர்ச் சார்புகள் புகாமல் இருக்கட்டும் என்று தலைவர்களே அப்படிக் கேட்டார்கள். ஆணையம் 1956 ஜூன் முதல் அக்டோபர் வரை நாட்டைச் சுற்றி வந்து 118 அமர்வுகள் நடத்தி, 131 மனுக்களைப் பெற்றது. ஆட்சியாளர்களின் தகுதி, வலுவான நடுவண் அரசு, ஒரே தேசியம், மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, மற்றச் சமூகங்களின் நியாயமான நலன் ஆகிய அனைத்தையும் ஒரே ஆவணத்துள் கொண்டுவருவது அதற்கு இட்ட பணி.

ஆணையம் வேலையைத் தொடங்கிய அதே 1956 ஜூனில், இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் மட்டும் என்ற ஆட்சிமொழிச் சட்டத்தை நிறைவேற்றியது. மலாயாத் தமிழர் பலருக்கு அது பக்கத்து வீட்டுத் துயரம். அதற்கு முன்பே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே அடியில் நாடற்றவராகியிருந்தனர். என் கருத்துக்கு எதிரான மிக வலிய சான்று இதுதான். அதனால் அதை ஒதுக்காமல் எடுத்துக்கொள்கிறேன். இலங்கை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்துக்கும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று எழுத்தில்தான் சொல்லியிருந்தது. அந்த ஆவணத்தின் உருவாக்கத்தில் இலங்கைத் தலைவர் சேனநாயக்காவுக்கு ஆலோசகராக இருந்தவரும் இதே ஜென்னிங்ஸ்தான். எழுத்து ஏன் காக்கவில்லை? யார் குடிமகன் என்ற கேள்விக்கு அந்த ஆவணம் விடை எழுதவில்லை. அதைச் சாதாரணச் சட்டத்துக்கு விட்டுவிட்டது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும், குடியுரிமையை வரையறுப்பது நாடாளுமன்றத்தின் உரிமை, அது 29ஆம் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. சமத்துவம் பற்றிய பொதுவான வாசகம் இருந்தது. அடிவிழக்கூடிய இடத்தில் ஒரு வரியும் இல்லை. ஆகவே எழுதினால் போதாது, பலவீனமானவன் எங்கே அகப்படுவானோ அந்த இடத்தைக் குறித்தே எழுத வேண்டும்.

மலாயாவில் அந்த ஒன்று நடந்தது. குடியுரிமை அரசியலமைப்பின் மூன்றாம் பகுதிக்குள்ளேயே எழுதப்பட்டது. விடுதலை நாளான மெர்டேக்கா நாளன்றும் அதன் பின்னும் இந்த மண்ணில் பிறக்கும் ஒவ்வொருவரும் பிறப்பாலேயே குடிமகன் என்று ஆயிற்று. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள், கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வும் தேவையில்லை. வெளியே பிறந்தவர்களுக்கு 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வாழ்க்கை என்று வரம்பு. அம்னோ கொடுத்த ஆகப் பெரிய விட்டுக்கொடுப்பு இது. இதற்காகத் துங்குவும் ரசாக்கும் தங்கள் கட்சிக்குள் பெரும் எதிர்ப்பைத் தாங்கினார்கள். நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி இது. பின்னாளில் நம்மைக் காத்ததும் இதுவே.

இனி, நம்பி விட்டவற்றுக்கு வருகிறேன். மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை தொடர வேண்டும் என்பதை ரீட் ஆணையம் ஏற்றது. 15 ஆண்டு கழிந்ததும் அரசாங்கம் அதுபற்றி நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்து, தொடரலாமா, குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1957 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. அதை மறுபரிசீலனை செய்ய உயர் ஆணையர் தலைமையில் ஆட்சியாளர் தரப்பினரும் கூட்டணித் தலைவர்களும் அடங்கிய பணிக்குழு அமர்ந்தது. அங்கே அந்த 15 ஆண்டு வரம்பு நீங்கியது. ஜூலையில் வந்த வெள்ளை அறிக்கை, நாட்டின் நலனையும் மலாய்க்காரர்களின் நலனையும் கருதி மாமன்னர் அவ்வப்போது மறு ஆய்வு செய்விப்பது நல்லது என்று சொன்னது. அந்த நல்ல வார்த்தை 153ஆம் பிரிவுக்குள் ஏறவில்லை. 1971ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பின், ஆட்சியாளர் மாநாட்டின் ஒப்புதலின்றி அப்பிரிவைத் தொட முடியாது என்றாயிற்று. மறு ஆய்வு பற்றிய பேச்சுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வரி இல்லை. அதே 153ஆம் பிரிவில் மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களைக் காப்பதும் மாமன்னரின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. உரிமம், உபகாரச் சம்பளம், பதவி ஆகியவற்றில் ஏற்கெனவே ஒருவர் பெற்றிருப்பதைப் பறிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. இந்த வரிகளை நாம் இன்றும் எடுத்துக்காட்டி வாதாடுகிறோம். 15 ஆண்டு மறு ஆய்வை எடுத்துக்காட்டிப் பேசுகிறவனிடம், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டால் விடை இல்லை.

மொழியிலும் இதே கதை. சட்டமன்றத்தில் சீனத்திலோ இந்திய மொழி ஒன்றிலோ உறுப்பினர் பேச, 10 ஆண்டுகளுக்கு வரையறுத்த அளவில் இடம் தரலாம் என்று ஆணையத்தின் பெரும்பான்மை சொன்னது. பணிக்குழு அதை நீக்கியது. அதன்பின் யாரும் அதை நினைவுகூரவும் இல்லை. ஆனால் 152ஆம் பிரிவில், மலாய் தேசிய மொழி என்று சொன்ன அதே மூச்சில், வேறு எந்த மொழியையும் கற்பிப்பதையோ கற்பதையோ தடுக்கக் கூடாது என்றும், பிற சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் கல்வியையும் பேணும் உரிமை அரசாங்கங்களுக்கு உண்டு என்றும் எழுதினார்கள். சமயத்தைப் பொறுத்தவரை, இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக அறிவிப்பதை முதலில் ஆட்சியாளர்களே விரும்பவில்லை. தங்கள் மாநிலங்களில் சமயத் தலைமை தங்களிடம் இருக்கிறதே என்பது அவர்கள் கவலை. ஆணையத்தில் அப்துல் ஹமீது மட்டும் அதை வலியுறுத்தினார், கூட்டணியும் கேட்டது, 3ஆம் பிரிவு பிறந்தது. அந்தப் பிரிவு அரசியலமைப்பின் வேறு எந்தப் பிரிவையும் குறைக்காது என்ற காப்பும் அதனுள்ளேயே எழுதப்பட்டது. அடிப்படை உரிமைகளில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. பேச்சுரிமை போன்றவற்றின்மேல் விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதுதானா என்று நீதிமன்றம் பார்க்க ஆணையம் இடம் வைத்திருந்தது. ஹமீது எதிர்த்தார், இறுதி வடிவில் அந்த இடம் இல்லாமற்போயிற்று. நாடாளுமன்றத்தின் நிதானத்தை நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுத்த விலை பெரிது என்பது என் தீர்ப்பு.

எழுத்தின் பயனை அண்மையில் நாம் கண்ணால் கண்டோம். தமிழ்ப்பள்ளிகளும் சீனப்பள்ளிகளும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. கூட்டரசு நீதிமன்றத்திலும் 2024இல் அம்முயற்சி தோற்றது. நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். ஜொகூரில் மட்டும் எழுபது வரை. அவற்றின் சார்பாக வழக்கறிஞர்கள் எழுந்து நின்றபோது, துங்குவும் அன்றைய ம.இ.கா. தலைவர் சம்பந்தனும் நல்லவர்கள் என்று வாதாட வேண்டியிருக்கவில்லை. 152ஆம் பிரிவைக் காட்டினார்கள். அதே பிரிவுக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், 1982இல், சீனமொழிப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பிரிவு இடந்தராது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்து எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் தாங்கும்.

எதிர்வாதங்கள் வரும், வர வேண்டும். முதலாவது, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டிருந்தால் மெர்டேக்காவே வந்திருக்காது என்பது. பிப்ரவரியில் அறிக்கை, ஆகஸ்ட் 15இல் சட்டமன்ற ஒப்புதல், 31இல் விடுதலை. இடையே ஆறே மாதம். தீர்க்க முடியாத கேள்விகளைத் தள்ளிப்போடுவதும் அரசியல் அறிவுதான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. சமவலிமை உள்ளவர்களுக்கிடையே ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டால் இருவர்க்கும் காலம் கிடைக்கிறது. வாக்குப் பட்டியலில் 4.6 விழுக்காடு உள்ளவனும் 84 விழுக்காடு உள்ளவனும் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டால், அந்தக் காலம் ஒருவனுக்கு மட்டுமே வேலை செய்கிறது. 15 ஆண்டு வரம்பை வைக்க முடியாவிட்டால், மறு ஆய்வை யார், எந்த மன்றத்தில் வைப்பார் என்ற நடைமுறையையாவது எழுதியிருக்கலாம். அதற்காக விடுதலை ஒருநாளும் தள்ளிப்போயிருக்காது.

இரண்டாவது எதிர்வாதம், கால எல்லை எழுதினாலும் பயனில்லை என்பது. இந்தியாவைக் காட்டுவார்கள். அங்கே நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தனித்தொகுதிகளுக்கு 334ஆம் பிரிவு முதலில் 10 ஆண்டுதான் வகுத்தது. இன்றுவரை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். ஆம், நீட்டித்தார்கள். ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, தேவை இன்னும் இருக்கிறதா என்று பேசி நீட்டித்தார்கள். எழுதிய கால எல்லை செய்யக்கூடிய வேலை அதுவே: பேச வைப்பது. அதே இந்தியாவில் மொழிப்பிரச்சினை இன்னும் தெளிவான பாடம் தருகிறது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959இல் நேரு நாடாளுமன்றத்தில் உறுதிமொழி தந்தார். அவர் மனத்தை யாரும் ஐயுறவில்லை. 1964 மே மாதம் அவர் மறைந்தார். இந்தி மட்டும் ஆட்சிமொழியாகவிருந்த 1965 ஜனவரி 26 நெருங்கியபோது தமிழ்நாடு பற்றியெரிந்தது, உயிர்கள் போயின. 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் அந்த உறுதிமொழி எழுத்தில் ஏறிய பிறகே நிலைமைக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது. இந்தியை ஏற்காத மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றாதவரை ஆங்கிலம் போகாது என்று இன்று சட்டமே சொல்கிறது.

மூன்றாவது, எழுதியதையும் திருத்திவிடுகிறார்களே என்பது. உண்மைதான். 1957இன் பிறப்புவழிக் குடியுரிமையே ஐந்தாண்டுக்குள் குறுகிவிட்டது. 1962ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். என்றாலும் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், மசோதா வேண்டும், விவாதம் வேண்டும். யார் செய்தார், என்று செய்தார், யார் எதிர்த்தார் என்பது நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பான ஹன்சார்டில் நிற்கும். வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறக்கும் குழந்தை குடிமகனே என்ற காப்பும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2024இல் அந்தக் காப்பையும், கண்டெடுக்கப்படும் குழந்தைகளுக்கான காப்பையும் மாற்ற அரசாங்கம் முற்பட்டபோது, பொதுமக்கள் அமைப்புகள் குறிப்பிட்ட பிரிவைச் சுட்டி எதிர்த்தன. அவ்விரு திருத்தங்களும் கைவிடப்பட்டன. மலேசியத் தாய்மார்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை தரும் நல்ல திருத்தம் அக்டோபர் 17ஆம் நாள் மக்களவையில் நிறைவேறியது. அதோடு சேர்ந்து, நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இருந்த இயல்பான உரிமை நீக்கப்பட்டது. அவர்களுக்காக உரத்துப் பேசப் போதுமான குரல் இல்லை.

அந்த நிரந்தரவாசிகளில் நம்மவர் எத்தனை பேர் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1957இல் எழுதிய உரிமை, தோட்டத்து லயத்துக்குத் தானாக நடந்து வரவில்லை. ஓராண்டு அவகாசத்தில் விண்ணப்பிக்கவேண்டும் என்ற செய்தி, எழுதப்படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளியிடம் கிராணி வழியாகப் போனால் போயிற்று, இல்லையென்றால் இல்லை. 1968இல் குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, இங்கேயே உழைத்து முதுமை கண்ட பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு காலம் கழித்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் சிக்கல் இன்னும் தீரவில்லை. இன்றைய சட்டப்படி, பெற்றோரின் திருமணம் பதிவாகாமல் பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறுகிறது. தந்தை குடிமகனாக இருந்தும், தாயிடம் ஆவணம் இல்லையென்றால் பிள்ளை நாடற்றதாகிறது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடும் திருமணங்கள் இன்றும் நடக்கின்றன. தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் இருக்கிறது. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் உள்ள நம் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும், திருமணப் பதிவு இல்லாத வீடு எது, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை எது என்று இந்த ஆண்டே பட்டியல் எடுக்கத் தொடங்கட்டும். அப்பட்டியலோடு தேசியப் பதிவுத்துறைக்கு உடன் செல்ல, சட்டம் படித்த நம் இளைஞர்கள் முன்வரட்டும்.